மலைத்தடத்துக்கு எந்த டயர்? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: என் ஏ.டி.வி.யில் (கரடுமுரடான தடங்களில் ஓட்டும் நான்கு சக்கர வண்டி) முன்னால் 25×8-12, பின்னால் 25×10-12 டயர்கள் இருக்கின்றன. ஓட்டுவதெல்லாம் கல்லும் வேரும் நிறைந்த மலைத்தடங்களில். ரேடியலுக்கு மாறினால் வித்தியாசம் தெரியுமா?

பதில்: முதல் கல்மேட்டிலேயே தெரியும். உயரம், அகலம், ரிம் என்று மூன்றையும் அங்குலத்தில் சொல்லும் அந்த அளவில், ரிம் எண்ணுக்கு முன் ‘-’ குறி இருப்பதால் இப்போது உங்களிடம் உள்ளவை பயாஸ் டயர்கள். ரேடியல் என்றால் அதே இடத்தில் ‘ஆர்’ எழுத்து இருக்கும். பயாஸ் டயரில் நூல் அடுக்குகள் சாய்வாகக் குறுக்கும் மறுக்குமாக ஓடி, பட்டன் பகுதியையும் (தரையைத் தொடும் ரப்பர் மேடுகள் உள்ள பகுதி) பக்கச்சுவரையும் ஒன்றாகப் பிணைத்துவிடும். பக்கச்சுவர் அமுங்கினால் பட்டனும் சேர்ந்து நெளியும். ரேடியலில் நூல்கள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராகப் போகின்றன. பட்டனுக்கு அடியில் தனியாக ஒரு பட்டை அடுக்கு உண்டு. அதனால் பக்கச்சுவர் எவ்வளவு வளைந்து கொடுத்தாலும் பட்டன் தரையில் தட்டையாகப் படிகிறது. பிடிமானம் கூடும், ஹேண்டிலில் உதறல் குறையும்.

இதற்கு விலையும் உண்டு. காற்றைக் குறைத்ததும் ரேடியலின் பக்கச்சுவர் வெளியே பிதுங்கும். கூர்மையான கல் கிழிப்பது பெரும்பாலும் அந்த இடத்தைத்தான். பட்டனில் ஓட்டை விழுந்தால் பஞ்சர் குச்சி செருகி ஓட்டிவிடலாம். பக்கச்சுவர் கிழிந்தால் எத்தனை குச்சி செருகினாலும் இறங்கி வருவதற்கு மட்டுமே தாங்கும். உடைந்த கல் அதிகமுள்ள தடம் என்றாலோ பின்னால் சுமை ஏற்றுவது வழக்கம் என்றாலோ 8 பிளை வாங்குங்கள். மற்றபடி 6 பிளை போதும். ‘பிளை’ என்றால் அடுக்கு என்றாலும், அந்த எண் உள்ளே இருக்கும் அடுக்குகளின் எண்ணிக்கை அல்ல, வலிமையின் அளவு. எண் கூடினால் எடையும் விறைப்பும் கூடும். ரேடியலின் மென்மைக்காகக் கொடுத்த பணம் அங்கே கொஞ்சம் வீணாகும்.

கேள்வி: செலவைக் குறைக்க இப்போதைக்கு முன்னால் மட்டும் இரண்டு ரேடியல் போடலாமா?

பதில்: வேண்டாம். முன்னால் ஒரு விதமாகவும் பின்னால் வேறு விதமாகவும் பிடிக்கும் வண்டி, சரிவில் திரும்பும்போது எந்தப் பக்கம் வழுக்கும் என்று கணிக்க முடியாது. ஒரே அச்சில் இடது ரேடியல், வலது பயாஸ் என்பது அதைவிட மோசம்.

கேள்வி: பட்டன் ஆழம் எவ்வளவு இருக்க வேண்டும்? சேற்று டயர் எல்லா இடத்துக்கும் சரிவரும் என்கிறார்களே?

பதில்: சேற்றுக்கு மட்டும்தான் சரிவரும். ஒன்றரை, இரண்டு அங்குலப் பட்டன் பாறையில் மடங்கும், வேர்ப்பகுதியில் பிய்ந்து போகும், வண்டியும் அதிரும். மலைத்தடத்துக்கு முக்கால் முதல் ஒரு அங்குலம் வரை, நெருக்கமாக அமைந்த பட்டன்கள் நல்லவை. டயரின் தோள்பட்டையைத் தாண்டிப் பக்கச்சுவர் வரை இறங்கும் பட்டன் இருந்தால் இன்னும் நல்லது. சக்கரத்தடப் பள்ளத்திலிருந்து ஏற உதவும், கல்லிடமிருந்து பக்கச்சுவரையும் காக்கும். மென்மையான ரப்பர் ஈரப்பாறையில் நன்றாகப் பிடிக்கும், ஆனால் சீக்கிரம் தேயும்.

கேள்வி: 25-லிருந்து 27 அங்குலத்துக்கு ஏறலாமா?

பதில்: வண்டி ஒரு அங்குலம் உயரும், அவ்வளவுதான் லாபம். கியர் விகிதம் 8 சதவீதம் கனமாகிவிடும், அதாவது இன்ஜின் கூடுதலாக இழுக்க வேண்டும். பெல்ட் கிளட்ச் வண்டியில் செங்குத்தான ஏற்றத்தை மெதுவாக ஏறும்போது பெல்ட் சூடாகி வழுக்கும். வண்டியின் எடைமையம் உயர்வதால் பக்கச்சரிவில் கவிழும் அபாயமும் கூடும். அப்படியும் மாற்றுவதென்றால், ஹேண்டிலை இருபுறமும் முழுக்க ஒடித்து, சஸ்பென்ஷன் முழுக்க அமுங்கிய நிலையில் டயர் எங்காவது உரசுகிறதா என்று பாருங்கள்.

நான்கு சக்கர இயக்க வண்டி என்றால் இன்னொரு வேலையும் இருக்கிறது. டயரிலும் தரையிலும் சாக்பீஸால் கோடு போட்டு, ஒரு முழுச் சுற்று உருட்டி நீளத்தை அளந்துகொள்ளுங்கள். முன், பின் அளவுகளின் விகிதம் பழைய டயர்களில் இருந்தபடியே இருக்க வேண்டும். மாறினால் கெட்டியான தரையில் முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒன்றையொன்று இழுத்து, சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் பல்சக்கரத் தொகுதியான டிஃபரன்ஷியலைத் தின்றுவிடும். டயரின் பக்கச்சுவரில் அச்சிட்ட எண்ணை நம்பாதீர்கள். 25 என்று போட்ட இரண்டு டயர்கள் அரை அங்குலம் வேறுபடுவது சாதாரணம்.

கேள்வி: அடிவாரத்தில் டயர் காற்றழுத்தம் 5 பி.எஸ்.ஐ. வைத்தேன், உச்சியில் கிட்டத்தட்ட 7 காட்டியது. கேஜ் பழுதா?

பதில்: கேஜ் சரிதான். அது காட்டுவது உள்ளே உள்ள அழுத்தத்துக்கும் வெளியே உள்ளதற்கும் இடையிலான வித்தியாசம். கடல்மட்டத்தில் வெளிக்காற்று 14.7 பி.எஸ்.ஐ.; 1,500 மீட்டர் உயரத்தில் சுமார் 12.3. ஆகவே ஏறினாலே 2.4 கூடிவிடும். மேலே 10 டிகிரி செல்சியஸ் குளிர்ந்திருந்தால் அதில் 0.7 குறைந்து 1.7 மிஞ்சும். காருக்கு 32 பி.எஸ்.ஐ. வைப்பவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை. 5-ல் ஓடும் டயருக்கு இது மூன்றில் ஒரு பங்கு.

ஆபத்து இறங்கும்போதுதான். உச்சியில் 5-க்குக் குறைத்துவிட்டு அப்படியே இறங்கினால் அடிவாரத்தில் 3-க்குச் சற்று மேல்தான் மிஞ்சும். வளைவில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடக்கூடிய அளவு அது. அதனால் கையால் அடிக்கும் பம்பாவது கூடவே இருக்கட்டும். 0 முதல் 15 வரை காட்டும் கேஜ் வாங்குங்கள். 60 வரை காட்டும் கார் கேஜில் ஒரு பி.எஸ்.ஐ. வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் சொன்ன அளவிலிருந்து தொடங்கி, பக்கச்சரிவில் வண்டி ஆடுவதுபோல் இருந்தால் அரை அரையாகக் கூட்டுங்கள்.

கேள்வி: புதிய ரேடியலை ரிம்மில் உட்கார வைக்க முடியவில்லை. காற்றெல்லாம் பக்கவாட்டில் போகிறது.

பதில்: கட்டி அடுக்கி வந்த டயர்களில் விளிம்புகள் நெருங்கிப் போயிருக்கும். சில மணி நேரம் வெயிலில் விரித்து வையுங்கள். பிறகு சுழற்சி அம்பின் திசை பார்த்து மாட்டி, விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். பட்டனைச் சுற்றி ராட்செட் பெல்ட் கட்டி இறுக்கினால் பக்கச்சுவர்கள் ரிம்மைத் தொடும். வால்வு ஊசியைக் கழற்றிவிட்டு கம்ப்ரசரால் வேகமாக அடியுங்கள். விளிம்பு ரிம்மைப் பிடித்துக் காற்று நிற்கத் தொடங்கியதும் பெல்ட்டை அவிழ்த்துவிட வேண்டும். பக்கச்சுவரில் குறித்த உச்ச அழுத்தத்தைத் தாண்டக் கூடாது. அதற்குள் விளிம்பு ரிம்மில் உட்காரும் ‘டப்’ சத்தம் வராவிட்டால் காற்றை இறக்கி, மறுபடி சோப்புத் தண்ணீர் தடவி முதலிலிருந்து தொடங்குங்கள். ரிம் ஓரத்துக்கும் டயரில் உள்ள மெல்லிய வளையக்கோட்டுக்கும் இடைவெளி சுற்றிலும் ஒரே அளவாக இருந்தால் சரியாக உட்கார்ந்துவிட்டது. வால்வு ஊசியைப் போட்டு, ஓட்டும் அழுத்தத்தை வையுங்கள். முதல் ஓட்டம் முடிந்ததும் சக்கர நட்டுகளை மறுபடி முறுக்கிப் பாருங்கள்.