ஐ3-இல் வொர்க்ஸ்பேஸ் தாவுவது: கேள்வி பதில்

கேள்வி: இந்த வாரம்தான் லினக்ஸில் ஜன்னல்களை அடுக்கித் தரும் ஐ3 விண்டோ மேனேஜருக்கு வந்தேன். மூன்றாம் வொர்க்ஸ்பேஸுக்கு (ஜன்னல்களைப் பிரித்து வைக்கும் தனித் திரை) போய்த் திரும்பினால், திரையோரப் பட்டையான பாரிலிருந்து அது காணாமல் போகிறது. எதையாவது கெடுத்துவிட்டேனா?

பதில்: இல்லை. ஜன்னல் எதுவும் இல்லாத வொர்க்ஸ்பேஸை, நீங்கள் விலகியதும் ஐ3 கலைத்துவிடும். மாட்+3 அழுத்தினால் மறுபடி வரும் (மாட் என்பது ஐ3-க்கென நீங்கள் தேர்ந்தெடுத்த ஆல்ட் அல்லது விண்டோஸ் விசை).

கேள்வி: "1: வலை", "2: குறியீடு" என்று பெயர் வைத்தேன். இப்போது மாட்+1 அழுத்தினால் வெறும் "1" என்று புதிதாக ஒன்று திறக்கிறது.

பதில்: பலரும் முதலில் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஐ3-இன் அமைப்புக் கோப்பான கான்ஃபிக்கில் "வொர்க்ஸ்பேஸ் 1" என்று எழுதினால், அச்சு அசலாக "1" என்ற பெயரையே ஐ3 தேடும். "வொர்க்ஸ்பேஸ் நம்பர் 1" என்று எழுதுங்கள். அப்போது 1 என்ற எண்ணில் தொடங்கும் எந்தப் பெயரையும் பிடித்துக்கொள்ளும். ஜன்னலை அனுப்பும் மாட்+ஷிஃப்ட்+1 வரியிலும் "நம்பர்" வேண்டும். அதை மறந்தால் ஜன்னல் வேறெங்கோ போய் உட்கார்ந்திருக்கும், நீங்கள் தேடிக்கொண்டிருப்பீர்கள். பெயரை மட்டும் பாரில் காட்ட, பார் பகுதிக்குள் "ஸ்ட்ரிப்_வொர்க்ஸ்பேஸ்_நம்பர்ஸ் யெஸ்" போடலாம். நான் போடுவதில்லை. எண் கண்ணில் பட்டால்தான் விரல் பழகும்.

கேள்வி: எடிட்டருக்கும் பிரவுசருக்கும் இடையே நாள் முழுக்கத் தாவுகிறேன். ஒரே விசை போதுமா?

பதில்: போதும். "வொர்க்ஸ்பேஸ்_ஆட்டோ_பேக்_அண்ட்_ஃபோர்த் யெஸ்" என்று ஒரு வரி சேருங்கள். இரண்டில் இருக்கும்போது மாட்+2 மறுபடி அழுத்தினால், கடைசியாக இருந்த இடத்துக்குத் திரும்பும். தனி விசைதான் வேண்டுமென்றால் "வொர்க்ஸ்பேஸ் பேக்_அண்ட்_ஃபோர்த்" கட்டளையை மாட்+டேப்புக்குக் கொடுங்கள்.

கேள்வி: இரண்டு மானிட்டர். மாட்+4 அழுத்தினால் ஒன்று மட்டும் மாறுகிறது.

பதில்: ஐ3-இன் அமைப்பே அப்படித்தான்: ஒவ்வொரு மானிட்டரும் தன் வொர்க்ஸ்பேஸைத் தனியாக வைத்திருக்கும். "வொர்க்ஸ்பேஸ் 4 அவுட்புட்" என்று எழுதி மானிட்டரின் பெயரைப் போட்டால், நாலாவது எப்போதும் அதில்தான் திறக்கும். பெயர்களை எக்ஸ்ரேண்டர் கட்டளை சொல்லும். லேப்டாப்காரர்கள் இரண்டு பெயர்களை அடுத்தடுத்துப் போடுங்கள். முதலாவது இணைப்பில் இல்லாவிட்டால் அடுத்ததை எடுத்துக்கொள்ளும்.

கேள்வி: தமிழ் விசைப்பலகைக்கு மாறியதும் என் குறுக்குவிசைகளில் சில வேலை செய்யவில்லை.

பதில்: எனக்கும் இதே தொல்லை இருந்தது. கான்ஃபிக்கில் விசையைக் கட்டளையோடு இணைக்க இரண்டு வழிகள். "பைண்ட்சிம்" எழுத்தைப் பார்க்கிறது. தமிழுக்கு மாறினால் அதே விசையில் வேறு எழுத்து. "பைண்ட்கோட்" விசை இருக்கும் இடத்தைப் பார்க்கிறது, மொழி மாறினாலும் கவலையில்லை. வழக்கமான விசைப்பலகையில் 1-இன் விசைக்குறி 10, 2-க்கு 11, இப்படியே போய் 0-க்கு 19. ஆகவே "பைண்ட்கோட் $மாட்+10 வொர்க்ஸ்பேஸ் நம்பர் 1". மற்ற விசைகளுக்கு எக்ஸ்இவி என்ற நிரலை ஓட்டி அழுத்திப் பாருங்கள், எண் தெரியும். பழைய பைண்ட்சிம் வரிகளை நீக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரே விசைக்கு இரண்டு வரிகள் இருக்கும். அப்புறம் மாட்+ஷிஃப்ட்+சி அழுத்தினால் கான்ஃபிக்கைப் புதிதாகப் படித்துக்கொள்ளும், திறந்த ஜன்னல்கள் அப்படியே இருக்கும்.