லிக்னோகைன், புபிவகைன் கலவை: ராத்திரி வலி ஏன்?

வணக்கம் டாக்டர். 50 கிலோ எடையுள்ள ஒரு அம்மாவுக்குக் கால் பெருவிரல் எலும்பு அறுவைக்காக, முழங்கால் குழியில் மரப்பு ஊசியாக, சீக்கிரம் பிடிக்கும் 2% லிக்னோகைன் 10 மில்லியும் நீண்ட நேரம் நிற்கும் 0.5% புபிவகைன் 10 மில்லியும் கலந்து போட்டீர்கள். ராத்திரியே வலியில் துடித்துவிட்டார் என்கிறீர்கள்.

கலந்ததுமே சிரிஞ்சில் இருப்பது 1% லிக்னோகைனும் 0.25% புபிவகைனும்தான். மரப்பு கொஞ்சம் சீக்கிரம் பிடிக்கும், சரி. ஆனால் புபிவகைன் தனியாகத் தரும் நீண்ட நேரம் குறைந்துவிடும்.

எனக்கு அதைவிடக் கவலை அளவுதான். அந்த லிக்னோகைன் மட்டுமே 200 மி.கி. அட்ரினலின் இல்லாமல் கிலோவுக்கு 3 மி.கி. என்றால் அவருக்கு 150-தான் எல்லை. அதன்மேல் 50 மி.கி. புபிவகைன் வேறு. இரண்டின் நச்சும் ஒன்றோடொன்று கூடும். தனித்தனி எல்லை என்று கணக்குப் போடாதீர்கள்.

அடுத்த முறை 0.5% புபிவகைனோ, அதேபோல் நீண்ட நேரம் நிற்கும் ரோபிவகைனோ தனியாகவே போடுங்கள். அரை மணி நேரம் முன்பே போட்டுவிட்டால் அவசரமே இருக்காது. பாதத்தின் உட்பக்கத்துக்கு உணர்வு தரும் சஃபீனஸ் நரம்பையும் மரக்கச் செய்ய மறக்காதீர்கள். அப்புறம், மரப்பு விடுவதற்கு முன்பே பாரசிட்டமால் தொடங்கிவிடுங்கள். மரப்பு மருந்தின் நச்சு ஏறினால் நரம்பு வழியே கொடுக்கும் 20% லிப்பிட் எமல்ஷன் (கொழுப்புக் கலவை) கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.