வம்சாவளி தேடுவதையே வேலையாக வைத்திருப்பவர் யாரையாவது தெரியுமா? எப்படித் தேடுவார்கள்?

தெரியும், எங்கள் பெரியப்பாதான். பழைய வண்ணாரப்பேட்டையில் பத்திர எழுத்தராக இருந்தவர். நாள் முழுக்க ‘இன்னார் குமாரர் இன்னார்’ என்று எழுதி எழுதி, அந்த முதல் இன்னாருக்கு அப்பா யார் என்று தேடுகிற பழக்கம் ஒட்டிக்கொண்டது. கண் ஆபரேஷனுக்குப் பிறகு பத்திரத்தை விட்டார், இதை விடவில்லை. காசு வாங்க மாட்டார். ஜெராக்ஸும் ஆட்டோவும் தேடி வந்தவர் செலவு.

பெயரோடு பெயரைச் சேர்த்துக்கொண்டே போகிற வேலை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பக்கத்தில் இருந்து பார்த்தால், சேர்க்காமல் இருப்பதில்தான் அவர் நேரமெல்லாம் போகிறது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். அதுவும் தலைமுறைக்குத் தலைமுறை மாறும். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்போம். எல்லப்பன் மகன் முனுசாமி, முனுசாமி மகன் எல்லப்பன், அவன் மகன் மறுபடி முனுசாமி. ஒரே தெருவில், ஒரே சாதியில் இரண்டு எ. முனுசாமி அகப்பட்டால் நம்மாள் எவர்? பெரியப்பா ஆளுக்கொரு தாள் போட்டுவிடுவார். மனைவி பெயர், கதவு எண், தொழில் என்று இரண்டு விஷயமாவது பொருந்தாமல் கோடு இழுக்க மாட்டார். “வேற முனுசாமியா இருந்தா இன்னா பண்ணுவ? அவருக்கும் புள்ளைங்க இருக்கும்ல?” என்பார்.

தேடல் வீட்டுக்குள்தான் தொடங்கும். மொய் நோட்டு, ஜாதக நோட்டு, கருமாதிப் பத்திரிகை, தாய்ப்பத்திரம். பழைய கல்யாணப் பத்திரிகை என்றால் அவருக்கு உயிர். தாய்மாமன், பங்காளி பெயரெல்லாம் வரிசையாக இருக்குமே, அதில் யார் இல்லை என்றுதான் முதலில் பார்ப்பார். விட்டுப்போன பெயர் ஒன்று இருந்தால் அந்த வருஷம் வீட்டில் சண்டை. அப்புறம்தான் ஆபீஸ். வில்லங்கம், அதாவது சொத்து யார் யார் கைமாறியது என்ற பதிவு, இணையத்தில் குறிப்பிட்ட வருஷம் வரைதான் பின்னால் பார்க்க முடியும். அதற்கு முந்தையது வேண்டுமென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டுக் காத்திருக்க வேண்டும். ராயபுரம் கிறிஸ்தவக் குடும்பங்கள் இந்த விஷயத்தில் கொடுத்துவைத்தவர்கள். ஞானஸ்நானப் பதிவேட்டில் அம்மா பெயரும் ஞானப் பெற்றோர் பெயரும் இருக்கும். பெரம்பூர் ரயில்வே ஆங்கிலோ இந்தியர்களுக்கு இன்னும் வசதி, சென்னை மாகாணத் தேவாலயப் பதிவுகளின் நகல்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்திலேயே இருக்கின்றன.

தேதிதான் பெரிய தலைவலி. எங்கள் குடும்ப நோட்டில் பெரியப்பாவின் அத்தை பிறந்தது ‘ஆனந்த வருஷம் ஆவணி மாசம்’ என்று இருக்கிறது. தமிழ் வருஷம் அறுபதுக்கு ஒருமுறை திரும்பி வரும். 1854-ம் ஆனந்த, 1914-ம் ஆனந்த. வீட்டில் ஒரு கதை உண்டு, எம்டன் குண்டு போட்டபோது அந்த அத்தையைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு ஊரைவிட்டு ஓடினார்கள் என்று. எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்துப் பக்கம் இருந்த பர்மா எண்ணெய்க் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டது 1914 செப்டம்பர் 22 ராத்திரி. ஆவணியில் பிறந்த குழந்தைக்கு அப்போது ஒரு வாரமோ ஒரு மாதமோ ஆகியிருக்கும். வீட்டுக் கதைகளைப் பெரியப்பா லேசில் நம்ப மாட்டார். இங்கே நோட்டு எழுதியவரும் கதை சொன்னவரும் வேறு வேறு ஆட்கள், இரண்டும் ஒரே இடத்தில் வந்து நின்றன. பேனாவால் எழுதினார். மற்றதெல்லாம் பென்சில்.

தென்னாப்பிரிக்கா டர்பனிலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். 1860 முதல் 1911 வரை சென்னைத் துறைமுகத்திலிருந்து நேட்டாலுக்குக் கரும்புத் தோட்ட ஒப்பந்தத்தில் நம் ஆட்களைக் கப்பல் கப்பலாக ஏற்றினார்கள். அந்தக் கப்பல் பட்டியலில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உடம்பில் உள்ள தழும்பு வரைக்கும் இருக்கும். அவர் கொண்டுவந்த தாளில் ஊர் ‘ட்ரிவட்டூர்’. வெள்ளைக்காரன் காதில் விழுந்த மாதிரி எழுதியது. திருவொற்றியூர்தான் என்று முடிவு கட்டி, அந்த ஊர் வடிவுடையம்மனைக் கும்பிட்டுவிட்டு, கையில் குங்குமத்தோடுதான் வந்தார். பெரியப்பா அந்தப் பெயரை வாய்விட்டு நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்தார். பிறகு ஜில்லா என்ற இடத்தில் விரலை வைத்தார். வட ஆற்காடு. திருவொற்றியூர் அந்தக் காலத்தில் செங்கல்பட்டு ஜில்லா. “அம்மா, இது செய்யாறு பக்கம் திருவத்தூரா இருக்கும். கும்பிட்டது வீணில்ல, ஆனா ஊரு இது இல்ல” என்றார். அந்த அம்மாவுக்கு முகம் விழுந்துவிட்டது. எனக்கே கொஞ்சம் சொல்லாமல் விட்டிருக்கலாமோ என்று தோன்றியது. மறுநாள் காலையில் அவரே போன் செய்து செய்யாறு போக வழி கேட்டார்.

தேடி வருகிறவர்களில் பலருக்கு உண்மையில் வேண்டியது பாகப்பிரிவினை. அவர்களை வக்கீலிடம் அனுப்பிவிடுவார். பெண்களுக்கும் பங்கு என்று 1989-ல் தமிழ்நாட்டிலும் 2005-ல் நாடு முழுக்கவும் சட்டம் வந்த பிறகும், அண்ணன் தம்பி பெயர்களை மட்டும் சொல்லி வம்ச மரம் போடச் சொல்கிறவர்கள் வருகிறார்கள். அக்கா தங்கை பெயரைச் சொல்லும்வரை பேனா மூடியைத் திறக்க மாட்டார்.

எங்கள் சொந்த மரம் தாது வருஷப் பஞ்சத்தோடு, அதாவது 1876-ஓடு, நின்றுவிடுகிறது. அதற்கு மேலே வெற்றுத் தாள். சொந்தக்காரர்களுக்கு இதில் பெரிய குறை. குலதெய்வக் கோயில் கும்பாபிஷேகத்துக்குப் பத்திரிகை அடித்த பங்காளி ஒருவர், நம் முன்னோர் பல்லவர் படையில் தளபதி என்று அதிலே போட்டுவிட்டார். பெரியப்பா பத்திரிகையை வாங்கிப் படித்தார். திட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. “தளபதியோட நைனா பேரு இன்னா?” என்று மட்டும் கேட்டார். கும்பாபிஷேகம் முடிந்து மண்டலாபிஷேகமும் முடிந்தது, பங்காளி இன்னும் சொல்லவில்லை.