அப்புத்தளையில் ஆறுதலாக ஒரு சைக்கிள் பயணம்: எந்த வழியில் போகலாம்?

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் அப்புத்தளைப் பக்கம் ஒரு தோட்டம். இப்போது குடும்பத்தோடு கொழும்பில் இருக்கிறேன். வயது 46. சமதரையில் 25 கிலோமீற்றர் வரை சைக்கிள் ஓட்டுவேன். 13 வயது மகளையும் கூட்டிக்கொண்டு ஒரு சனி, ஞாயிறு மலையகத்தில் ஓட்ட ஆசை. நுவரெலியாவிலிருந்து வெலிமடை வழியாக இறங்கினால் சுலபம் என்கிறார் நண்பர். சரிவருமா? எப்படிப்பட்ட சைக்கிள் வேண்டும்?

பதில்: நண்பர் சொன்ன வழி வேண்டாம். இறக்கம்தானே என்று தோன்றும். ஆனால் ஹக்கலையைத் தாண்டியதும் வளைவுக்கு மேல் வளைவு. பஸ்ஸும் மரக்கறி லொறியும் முதுகுக்குப் பின்னாலேயே வந்துகொண்டிருக்கும். பிரேக்கைப் பிடித்துப் பிடித்து விரல் மரத்துப் போகும், ரிம் சூடேறும். பிள்ளையோடு நிதானமாகப் போகிற பாதை அதுவல்ல.

மலையில் எத்தனை கிலோமீற்றர் என்று பார்க்காதீர்கள், எவ்வளவு ஏற்றம் என்று பாருங்கள். அப்படிப் பார்த்தால் உங்களுக்கு ஏற்றவை தோட்டத்துக் கரத்தை ரோட்டுகள்தான். கொழுந்தும் தேயிலைப் பெட்டியும் ஏற்றிய வண்டி போக வேண்டும் என்பதற்காக, மலையின் இடுப்பைச் சுற்றி முடிந்தவரை ஒரே மட்டத்தில் வெட்டிய பாதைகள் அவை. அவற்றில் ஒன்று உங்கள் ஊரிலேயே இருக்கிறது.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கெல்லாம் அப்புத்தளை டவுனிலிருந்து தம்பேதென்ன ரோட்டைப் பிடியுங்கள். போக ஏறத்தாழ 10 கிலோமீற்றர். சின்னச் சின்ன ஏற்றம் உண்டு, மூச்சு வாங்கினால் இறங்கித் தள்ளலாம். ஒரு பக்கம் தேயிலைச் சரிவு, மறுபக்கம் தெற்கே தாழ்நிலம் வரை திறந்த வெளி. வளைவுக்கு வளைவு மணியடியுங்கள். மதகு வரும் இடங்களில் சிமெந்தில் பாசி பிடித்திருக்கும், முந்தின இரவு மழை பெய்திருந்தால் கானிலிருந்து சரளைக்கல் ரோட்டுக்கு வந்து கிடக்கும். அந்த இடங்களில் திருப்பும்போது முன் பிரேக்கைத் தொடவே கூடாது. வேகத்தை முன்கூட்டியே குறைத்துவிட்டு, சைக்கிளைச் சாய்க்காமல் நேராக உருட்டிக்கொண்டு போங்கள். மகளுக்கு இதைப் புறப்படும் முன்பே சொல்லிக்கொடுங்கள்.

கொழுந்து நிறுக்கும் நேரத்தில் மடுவத்தை, அதாவது நிறுவைக் கொட்டகையை, கடக்க நேர்ந்தால் இறங்கி நில்லுங்கள். தராசுக் கொக்கியில் சாக்கு ஏறுவதும், ஈரத்துக்கென்று கழிக்கப்படும் கிலோவும், அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும் பெண்களின் முகமும் உங்களுக்குத் தெரியாதவை அல்ல. மகளுக்குத் தெரிய வேண்டும். தம்பேதென்ன தேயிலைப் பெக்டரியை 1890இல் தேயிலை வியாபாரி தோமஸ் லிப்டன் கட்டினார் என்று எல்லாச் சுற்றுலாக் கையேடும் சொல்லும். அதற்குக் கொழுந்து கொடுத்தவர்களின் லயங்கள், அந்த வரிசை வீடுகள், அதே ரோட்டில்தான் இருக்கின்றன. மரபுரிமை என்று நான் முதலில் காட்டுவது அவற்றைத்தான். லயத்து வாசலைக் கேட்காமல் படமெடுக்க வேண்டாம். வணக்கம் சொல்லிப் பேச்சுக் கொடுத்தால் பிளேன்டி தானாக வரும்.

பெக்டரியிலிருந்து மலையுச்சிக் காட்சி முனையான லிப்டன் சீற்றுக்கு இன்னும் 7 கிலோமீற்றர் அளவில், நல்ல செங்குத்து. சைக்கிளைக் கீழே பத்திரமாக விட்டுவிட்டு ஓட்டோவில் போய் வாருங்கள். காலை ஒன்பது, பத்து மணிக்கு மேல் பெரும்பாலும் பனிமூட்டம் ஏறிவிடும், பிறகு போய்ப் பயனில்லை. விடியற்காலையில் கிளம்பச் சொல்வது அதனால்தான்.

ஞாயிறு காலை டவுனிலிருந்து மறுதிசையில் 3 கிலோமீற்றர் போனால் அடிசம் பங்களா. சேர் தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் கட்டிய கல் மாளிகை, இப்போது பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம். வார இறுதியில் பார்வையாளரை விடுவார்கள், உங்கள் திட்டத்துக்குப் பொருந்துகிறது. பக்கத்தில் தங்கமலைக் காடு, பறவை பார்க்க நல்ல இடம். அங்கே நடந்துதான் போக வேண்டும். அப்புறம் தியத்தலாவை வழியாகப் பண்டாரவளைக்கு இறங்குங்கள். அப்புத்தளை சுமார் 1,430 மீற்றர் உயரம், பண்டாரவளை 1,230 அளவில். இறக்கம் மெதுவானது. தியத்தலாவையில் 1900இல் தென்னாபிரிக்காவின் போயர் யுத்தக் கைதிகளை வைத்திருந்தார்கள் என்பதைப் புல்வெளியைப் பார்த்தபடி மகளுக்குச் சொல்லலாம். பண்டாரவளையோடு முடித்துக்கொள்ளுங்கள். எல்ல ரோட்டு நெரிசலில் போக வேண்டாம். திரும்புவதற்கு ஒரு சின்னப் பட்டா லொறி பேசிக்கொண்டால் போதும்.

சைக்கிள் விஷயம்: ஒற்றை கியரில் இந்த ஏற்றங்கள் முழங்காலைப் பதம் பார்க்கும். பின்பக்கப் பெரிய பற்சக்கரத்தில் குறைந்தது 32 பல் உள்ள மவுண்டன் பைக் எடுங்கள். டிஸ்க் பிரேக் நல்லது. ரிம் பிரேக் என்றால் கட்டையைப் புதிதாக மாற்றிவிட்டு வாருங்கள்.

காலம், பெப்ரவரியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை. ஜூலை, ஓகஸ்ட்டில் ஊவாப் பக்கம் மழை குறைவுதான், ஆனால் அப்புத்தளை முகட்டில் காற்று பிள்ளையின் சைக்கிளைத் தள்ளிவிடும். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை வேண்டவே வேண்டாம், மழையும் மண்சரிவும் வரும் காலம். கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியது 2014 ஒக்டோபர் 29இல். எந்த மாதம் வந்தாலும், தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் பதுளை மாவட்டத்துக்கு மண்சரிவு எச்சரிக்கை விட்டிருக்கிறதா என்று முதல்நாள் இரவே பாருங்கள். ஆகக் குறைந்த மட்டமான மஞ்சள் எச்சரிக்கையாக இருந்தாலும் பயணத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிடுங்கள்.