செல்வந்தருக்குக் கூடுதல் வரி?

கேள்வி: ஏலத்தோட்ட முதலாளியும், அங்கே காய் பறிக்கும் நாங்களும் சோப்புக்கு ஒரே ஜி.எஸ்.டி. கட்டுகிறோம். செல்வந்தர்களிடம் கூடுதலாக வரி வாங்கினால் என்ன?
– வாசகி, குமுளி

பதில்: வாங்கத்தான் வேண்டும், எந்த வழியில் என்பதில்தான் சிக்கல். 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி விதிக்கப்பட்ட செல்வ வரி (ஒருவரின் சொத்து மதிப்பின் மீதான வரி), 2013–14இல் நாடு முழுவதிலும் 1,008 கோடி ரூபாயை மட்டுமே ஈட்டித் தந்ததால், 2015இல் நிதியமைச்சர் அருண் ஜேட்லி அதை நீக்கிவிட்டு, ஆண்டுக்கு ஒரு கோடிக்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கான சர்சார்ஜை (வருமான வரியின் மேல் விதிக்கப்படும் கூடுதல் வரி) 2 சதவீதப் புள்ளிகள் உயர்த்தினார். வசூலுக்கு அது எளிது. ஆனால், விற்கப்படாத நிலமும் பங்குகளும் எவ்வளவு விலையேறினாலும் வருமானக் கணக்கில் வருவதில்லை. உங்கள் பகுதி ஏலக்காய் வருமானமோ, எத்தனை கோடியானாலும், வேளாண் வருமானம் என்பதால் மத்திய வருமான வரிக்கு விலக்கானது (மாநில அரசு வரி விதிக்கலாம் என்பது வேறு விஷயம்). சிறு விவசாயிக்கு இந்த விலக்கு நியாயமே. பெருந்தோட்டத்துக்கும் அதே சலுகை எதற்கு?