பழைய வண்டியில் ஹீட்டர் சூடு குறைந்தால்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கே: மாருதி 800. காற்று பலமாக வருகிறது, சூடு இல்லை. ஹீட்டர் கோரையே மாற்றவேண்டும் என்கிறார் மெக்கானிக். (குன்னூர்)

ப: ஹீட்டர் கோர் என்பது டாஷ்போர்டுக்குள் இருக்கும் சிறு ரேடியேட்டர். எஞ்சினில் சூடான கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்மம்) அதில் ஓடித்தான் காற்றைச் சூடாக்குகிறது. டாஷ்போர்டைப் பிரிக்கும் முன், எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு ஹீட்டருக்குப் போகும் இரண்டு ஹோஸ்களையும் தொட்டுப் பாருங்கள். இரண்டும் சுட்டால் கோரில் குறையில்லை. சூட்டைக் கூட்டிக் குறைக்கும் கண்ட்ரோல் கேபிள் நழுவியிருக்கும். ஒன்று சுட்டு, மற்றொன்று வெதுவெதுப்பாக இருந்தால் ஹீட்டர் வால்வு திறக்கவில்லை, அல்லது கோரில் அடைப்பு. அடைப்பு என்றால், எதிர்த்திசையில் மெதுவான அழுத்தத்தில் நீர் விட்டுக் கழுவிப் பார்த்த பிறகே மாற்றுவதைப் பற்றிப் பேசவேண்டும்.

கே: ஹீட்டர் வேலை செய்யவில்லை. எவ்வளவு செலவாகும்? (ஏற்காடு)

ப: எந்த வண்டி, எந்த ஆண்டு, காற்றே வரவில்லையா, சூடு மட்டும் வரவில்லையா என்று எதையுமே எழுதாமல் செலவை மட்டும் கேட்டால் பதில் சொல்ல இயலாது. விவரங்களோடு எழுதுங்கள்.

கே: சிக்னலில் நின்றால் காற்று ஆறிவிடுகிறது, ஆக்சிலரேட்டரை மிதித்தால் சூடாகிறது. (உதகை)

ப: கூலன்ட் குறைந்து, உள்ளே காற்று அடைத்திருக்கிறது. எஞ்சின் முழுவதும் ஆறிய பிறகே ரேடியேட்டர் மூடியைத் திறந்து நிரப்புங்கள். அளவு மீண்டும் குறைந்தால் கசிவைத் தேடுங்கள். குறையாமலும் இப்படியே இருந்தால் வாட்டர் பம்ப்பைச் சோதியுங்கள்.

கே: 2006 பொலேரோ. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போது ஹீட்டர் நன்றாக இருக்கிறது, இறங்கும்போது குளிர்காற்றுதான். டெம்பரேச்சர் முள்ளும் கீழே போய்விடுகிறது. (கோத்தகிரி)

ப: கவனித்து எழுதியிருக்கிறீர்கள், நன்றி. இறக்கத்தில் காலை எடுத்துவிட்டுக் கியரில் இறங்கும்போது எஞ்சினில் டீசல் எரிவதே அரிது. அப்போது கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றவிட வேண்டியது தெர்மோஸ்டாட். உங்கள் வண்டியில் அது திறந்தபடி சிக்கியிருக்கிறது, அல்லது அது இருக்கவேண்டிய இடமே காலியாக இருக்கிறது. இரண்டாவதுதான் என் சந்தேகம். எஞ்சின் ஒருமுறை கொதித்துவிட்டால், "நம்ம ஊர் வெயிலுக்கு இது தேவையில்லை சார்" என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு மூடி அனுப்புவது நம் பட்டறைகளில் ஊறிப்போன கெட்ட வழக்கம். கொதித்ததற்குக் காரணம் ரேடியேட்டர் அடைப்பாகவோ, தேய்ந்த பம்ப்பாகவோ, சரியாகச் சுற்றாத ஃபேனாகவோ இருக்கும். அதைத் தேடச் சோம்பல்பட்டு, எண்பது தொண்ணூறு டிகிரியில் ஓடவேண்டிய எஞ்சினை ஆண்டுக்கணக்கில் அரைச்சூட்டில் ஓட விடுகிறார்கள். மைலேஜ் குறைகிறது, ஆயிலில் கசடு சேர்கிறது, சிலிண்டர் சீக்கிரம் தேய்கிறது. சில நூறு ரூபாய்ப் பொருளை மிச்சம் பிடித்து எஞ்சின் வேலையை வரவழைத்துக்கொள்வதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

காலையில் ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்து, ஃபேன் பெல்ட்டில் கை படாமல், ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். சில நிமிடங்கள் குளிர்ந்தே இருந்து பிறகு சட்டென்று சூடேறவேண்டும். தொடக்கத்திலிருந்தே மெல்ல மெல்ல வெதுவெதுப்பானால் தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கியிருக்கிறது, அல்லது அங்கே இல்லவே இல்லை. புதியதை வாங்கியதும் நூலில் கட்டி, அடுப்பில் காயும் நீரில் தொங்கவிடுங்கள். அதன்மேல் பொறித்த வெப்பநிலையை ஒட்டித் திறக்கத் தொடங்கினால் பொருத்தலாம். அதையும் ஆறிய எஞ்சினில்தான் செய்யவேண்டும்.

கே: ஹீட்டரைப் போட்டால் இனிப்பு வாசனை, கண்ணாடியில் பிசுக்கு படிகிறது. (கொடைக்கானல்)

ப: ஹீட்டர் கோர் கசிகிறது, மாற்றித்தான் ஆகவேண்டும். கசிவடைக்கும் பவுடரைக் கொட்டாதீர்கள், ரேடியேட்டரும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். கூலன்ட் நஞ்சு, தரைவிரிப்பில் தேங்கியதைக் குழந்தைகளும் நாயும் தொடாதபடி இன்றே துடைத்துவிடுங்கள்.