அந்த ஏரித் தண்ணீரைக் குடித்திருக்கலாமா?

செவ்வாயில் உயிர் வாழத் தகுந்த இடங்களைத் தேடுவது பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

கேள்வி: ஐயா, நாசாவின் கியூரியாசிட்டி ரோவர் (தானியங்கி ஆய்வு வண்டி) 2012-இல் செவ்வாயில் இறங்கியது. உயிர் உண்டா இல்லையா என்று இன்னும் சொல்லவில்லையே?

பதில்: அதை உயிரைத் தேடவே அனுப்பவில்லை. நுண்ணுயிர்கள் பிழைக்கக்கூடிய சூழல் அங்கே எப்போதாவது இருந்ததா என்று பார்க்கத்தான் அனுப்பினார்கள். வீடு குடியிருக்கத் தோதானதா என்று பார்ப்பது வேறு, உள்ளே ஆள் இருந்தாரா என்று பார்ப்பது வேறு. முதல் கேள்விக்கு ஏழே மாதத்தில் பதில் கிடைத்துவிட்டது. தோதான இடம்தான்.

கேள்வி: எதை வைத்து அப்படிச் சொல்கிறார்கள்?

பதில்: ஒரு சின்னத் துளையை வைத்து! 2013 பிப்ரவரியில் கேல் பெரும்பள்ளத்தில், ‘ஜான் கிளைன்’ என்று பெயரிட்ட பாறையை ரோவர் துளைத்தது. விரல் நுழையும் அகலம், 6.4 செ.மீ. ஆழம். பாறையின் மேலே செங்கல் நிறம், உள்ளிருந்து வந்த தூளோ சாம்பல் நிறம். அந்தப் படத்தை இன்றும் அடிக்கடி எடுத்துப் பார்ப்பேன். செவ்வாயின் சிவப்பு மேல்பூச்சுதான், உள்ளே இரும்பு முழுதாகத் துருப்பிடிக்கவில்லை என்று அது காட்டிவிட்டது. பூமியில் பாறையைத் தின்றே வாழும் நுண்ணுயிர்கள் உண்டு. முழுதாகத் துருவேறாத இரும்பும் கந்தகமும் அவற்றுக்குச் சாப்பாடு.

அப்புறம், அந்தத் தூளில் ஐந்தில் ஒரு பங்கு களிமண் கனிமம். ஏரியடியில் படிந்த வண்டல் இறுகிப் பாறையானது அது. தண்ணீர் அமிலமாகவும் இல்லை, உப்பும் குறைவு.

கேள்வி: தண்ணீர் இருந்தது முன்பே தெரியுமே, இதில் என்ன புதுசு?

பதில்: 2004-இல் ஆப்பர்சூனிட்டி என்ற முந்தைய ரோவர் செவ்வாயின் வேறொரு இடத்தில் கண்ட ஜாரோசைட் கனிமம் அமிலத் தண்ணீரில் உண்டாவது. அதில் பிழைப்பது கடினம். கேலில் இருந்தது நல்ல தண்ணீர். அங்கே நாம் இருந்திருந்தால் குடித்திருக்கலாம் என்றே திட்டத்தின் தலைமை விஞ்ஞானி ஜான் குரோட்ஸிங்கர் சொன்னார்.

கேள்வி: அந்த ஏரி எங்கே போனது?

பதில்: செவ்வாய் தனக்குக் கவசமாக இருந்த காந்தப்புலத்தை இழந்தது. சூரியனிலிருந்து பாயும் துகள்களான சூரியக் காற்று வளிமண்டலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக்கொண்டு போனது. இன்று அங்கே காற்றழுத்தம் பூமியில் இருப்பதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. தரையில் தண்ணீர் நிற்காது.

கேள்வி: பெர்சிவரன்ஸ் ரோவர் 2024-இல் கண்ட சிறுத்தைப்புள்ளிப் பாறை உயிர்த்தடம்தானே, அதாவது அங்கே உயிர் வாழ்ந்ததற்கான அடையாளம்தானே?

பதில்: அவசரப்பட வேண்டாம். அந்தப் புள்ளிகளில் விவியனைட், கிரெய்கைட் கனிமங்கள் இருப்பது போலத் தெரிகிறது. பூமியில் நுண்ணுயிர்களும் இவற்றை உண்டாக்கும், உயிரில்லாமலும் உண்டாகும். அதனால்தான் 2025-இல் வந்த ஆய்வுக் கட்டுரை ‘உயிர்த்தடமாக இருக்கலாம்’ என்பதோடு நிறுத்திக்கொண்டது. அந்தப் பாறைத்துண்டு ரோவரிடம் ஒரு குழாயில் பத்திரமாக இருக்கிறது. அதை எப்படியாவது பூமிக்குக் கொண்டுவர வேண்டும். இங்குள்ள கருவிகளை அங்கே தூக்கிக்கொண்டு போக முடியாது.

கேள்வி: மகள் பத்தாவது படிக்கிறாள், இந்த வேலைதான் வேண்டும் என்கிறாள். என்ன படிக்க வைக்கலாம்?

பதில்: ரொம்ப சந்தோஷம்! வானியல் மட்டும்தான் வழி என்று நினைக்க வேண்டாம், பாறைகளைப் படிக்கும் நிலவியலையும் சொல்லுங்கள். கோடையில் வற்றிய குளத்துக்கு அழைத்துப் போய், கட்டம் கட்டமாக வெடித்த சேற்றைக் காட்டுங்கள். பிறகு 2016 டிசம்பரில் கியூரியாசிட்டி எடுத்த ‘ஓல்ட் சோக்கர்’ பாறையின் படத்தைக் காட்டுங்கள். அதே கட்டங்கள், 300 கோடி ஆண்டுக்கு முன் காய்ந்த சேறு.